விளக்குக்காரனின் நாலாம் பாகம்

என் அக்கா புருஷனைப் போல ஒரு பொறுமைசாலி கிடையாது. திருவாரூரில் அவரைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். கோபப்பட மாட்டார், குரல் உயராது, குடி கிடையாது, சீட்டு கிடையாது. அக்காவைப் பெண் கேட்டு வந்தபோது பேராவூரணியில் எங்கள் அப்பா தேங்காய் மண்டியில் உட்கார்ந்தபடியே நாலு பேரிடம் விசாரித்தார். நாலு பேரும் இதையே சொன்னார்கள். அந்தப் பொறுமையில்தான் என் அக்காவின் வாழ்க்கை போயிற்று.

நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். காலேஜ் படிப்புக்கு அவர்கள் வீட்டில்தான் தங்கினேன். பிறகு அதே ஊரில் பக்கத்துத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டேன். அதனால் கடைசிவரை அவர் என் கண்ணிலேயே இருந்தார். எனக்கு அவரைப் பிடிக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது.

கல்யாணத்துக்கு முன்பு அவர் துபாயில் இருந்தவர். அங்கிருந்து வருகிறவர்கள் கம்பளி கொண்டுவருவார்கள், சென்ட் கொண்டுவருவார்கள், டேப் ரெக்கார்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள். இவர் ஒரு வீடியோ கேம் பெட்டியும் மூன்று கேசட்டும் கொண்டுவந்தார். மூன்றும் ஒரே விளையாட்டின் மூன்று பாகங்கள். சிவப்புத் தலைப்பாகை கட்டிய ஒரு குட்டி மனுஷன் கையில் விளக்கோடு ஓடுவான். வழியெல்லாம் தண்ணீர், கல், பாலம். தாவித் தாவி அக்கரைக்குப் போக வேண்டும். தப்பினால் தண்ணீரில் விழுந்து முழுகிவிடுவான். விளையாட்டின் பெயர் ஜப்பான் எழுத்தில் இருந்ததால் எங்களுக்கு அவன் விளக்குக்காரன். மூன்றாம் பாகத்தின் முடிவில் ஒரு பெரிய காற்று வந்து அவன் விளக்கு அணைந்துவிடும். திரை இருட்டாகிவிடும். மிச்சம் அடுத்த பாகத்தில் என்று ஏதோ எழுதியிருக்கும். அந்த அடுத்த பாகத்தைக் கம்பெனிக்காரன் போடவே இல்லை.

அத்தான் அதற்காகக் காத்திருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல இந்த ஒன்றே போதும் என்றுகூடத் தோன்றும். ஆனால் அவர் காத்திருந்த விதத்தைச் சொல்லாமல் விட்டால் அவர் யாரென்று தெரியாது.

தினமும் கடையிலிருந்து வந்து குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பலகை போட்டு உட்காருவார். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் தொடுவார். விளக்குக்காரன் ஒரு தடவைகூட விழாமல் மூன்று பாகமும் கடந்துபோவான். அந்தப் பெட்டியை வேறு யாரும் தொடக் கூடாது. ஒருநாள் அவர் இல்லாத சமயம் நான் போட்டு விளையாடினேன். பாதியில் வந்துவிட்டார். நான் பதறியதில் விளக்குக்காரன் தண்ணீரில் விழுந்தான். அவர் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"தெரியாதவங்க கையில அவன் சாகக்கூடாது பாப்பா. அவன் சாகுறத என்னால பாக்க முடியாது."

அதன் பிறகு அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை, அக்காவோடும் பேசவில்லை. அக்கா அப்போது ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். டியூட்டி முடிந்து வந்து அவருக்குத் தட்டில் சோறு போட்டுவிட்டு, நான் செய்த தப்புக்கு அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்பாள். அவர் நிதானமாக மென்று சாப்பிடுவார்.

திருவாரூர் தேர் அன்றைக்கு வீதியில் கரண்டு கம்பிகளைக் கழற்றிவிடுவார்கள். அவ்வளவு உயரத் தேர் போக வேண்டுமே. ஊரே வடத்தைத் தொட்டுக் கும்பிட முண்டியடிக்கும். இவர் அணைந்த டி.வி. முன்னால் பலகையில் உட்கார்ந்திருப்பார். "தேர் எப்ப நெலைக்கு வருமாம்?" என்று ஜன்னல் வழியாகப் போகிறவர்களைக் கேட்பார். பக்தி என்று அவர்கள் நினைத்துக்கொண்டு போவார்கள்.

கலெக்டர் ஆபீசுக்கு எதிரே அவர் வைத்திருந்தது ஜெராக்ஸ் கடை. மனு டைப் அடித்துத் தருவதுதான் முக்கிய வியாபாரம். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று காலையிலிருந்து மனுவாக அடிப்பார். அந்தப் பழக்கத்தில் ஜப்பான் கம்பெனிக்கும் ஒரு மனு தயாரித்தார். பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முறையாகப் போட்டு, ஏழை எளிய விளையாட்டு வீரர்களின் நலன் கருதி நாலாம் பாகத்தை வெளியிட ஆவன செய்யுமாறு கேட்டு, அதை இங்கிலீஷில் அடித்து, மேலே மறக்காமல் கோர்ட் ஸ்டாம்பும் ஒட்டினார். அது இல்லாமல் எந்த ஆபீசிலும் மனுவை வாங்க மாட்டார்கள் என்பது அவர் அனுபவம். பின்னால் கையெழுத்து வேண்டுமே. தெருவில் வீடு வீடாகப் போனார். பால்காரர் பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"மேட்டூர்ல தண்ணி தொறக்கச் சொல்லியாங்க?"

"அது மாதிரிதான்," என்றார் அத்தான்.

அந்த வருஷம் குறுவை காய்ந்துகொண்டிருந்தது. கடைக்கு வந்த விவசாயிகள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். ஒருத்தர் கைநாட்டு வைத்தார். பதிலாக ஜப்பானிலிருந்து, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று ஒரு அட்டை வந்தது. அத்தான் அதை லேமினேட் பண்ணி முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

பிறகு வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது, டெலிபோன் வழியாக இன்டர்நெட் வந்தது. உலகம் முழுக்க அவரைப் போலவே ஆட்கள் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். பிரேசிலில் ஒருத்தன், பிரான்சில் ஒரு வாத்தியார், எங்கேயோ பனியில் ஒரு தபால்காரர். எல்லாரும் சேர்ந்து, விளக்கை ஏற்றுங்கள் என்று கம்பெனியை நச்சரிப்பது. அத்தான் அவர்களுக்கு உயிர். பிரேசில்காரனின் நாய் செத்துப்போனபோது உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஆறுதல் எழுதினார். அதே வாரம் எங்கள் அப்பா நெஞ்சுவலியில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அத்தான் வந்து பார்க்கவில்லை. அப்பா பிழைத்து வந்தார், அதனால் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. நான் மறக்கவில்லை.

அவருக்கு இரண்டு வார்த்தைகள் உண்டு. ஒன்று, அஞ்சு நிமிஷம். இன்னொன்று, வரவேண்டியது வரும். குழந்தை இல்லையே, இரண்டு பேரும் தஞ்சாவூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அக்கா கேட்டபோது இரண்டாவதைச் சொன்னார். அடுத்த வருஷமும் சொன்னார். நர்சு வேலை பார்க்கிறவளுக்கு அதெல்லாம் தானாக வராது என்று தெரியாதா? தெரியும். ஆனாலும் புருஷன் இவ்வளவு சாந்தமாகச் சொல்லும்போது சண்டைக்கு எங்கே போவது. அடிக்கிற புருஷனாக இருந்திருந்தால் எங்கள் அம்மாவாவது வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பாள்.

அப்போதுதான் அக்காவுக்குக் குவைத் வேலை வந்தது. பெரிய ஆஸ்பத்திரி, ஸ்டாஃப் நர்சு வேலை, குவார்ட்டர்ஸ் உண்டு. சென்னையில் ஏஜென்சிக்காரர்கள் நேரில் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மிச்சம் ஒன்றுதான். குவைத்திலிருந்து ஒரு அம்மாள் போனில் பேசி இங்கிலீஷ் எப்படி என்று பார்ப்பாள். ஏஜென்சியிலிருந்து லைன் போட்டுக் கொடுப்பார்கள். நாளும் நேரமும் சொல்லிவிட்டார்கள். அக்கா துணி மடிக்கும்போதும் கீரை ஆயும்போதும் என்னைக் குவைத் அம்மாளாக உட்காரவைத்துப் பேசிப் பேசிப் பழகினாள். "எஸ் மேடம், ஐ கேன் ஜாயின் இமீடியட்லி, மேடம்." அந்த ஒரு வரியைச் சொல்லும்போது அவள் முகம் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

அந்த நாள் காலையில் தலைக்குக் குளித்து, கஞ்சி போட்ட புடவை கட்டி, வாட்ச் கட்டிக்கொண்டு டெலிபோன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். போனில் பேசுவதற்கு எதற்கடி புடவை என்று நான் கேலி செய்தேன். "உடுத்தியிருந்தாதான் பேச்சு வரும்," என்றாள்.

அத்தான் அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. உலகம் பூராவும் உள்ள விளக்குக்காரன் ஆட்கள் ஒரே நாளில் கம்பெனிக்கு எழுதித் திணறடிப்பது என்று முடிவு செய்த நாள் அது. இன்டர்நெட் ஓடினால் டெலிபோனில் யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு என்றுதான் வரும். வீட்டில் இருந்தது ஒரே லைன்.

"என்னங்க, பத்து மணிக்குக் கூப்புடுவாங்க. லைன விடுறீங்களா?"

"அஞ்சு நிமிஷம்."

பத்து அடித்தது. அக்கா எழுந்துபோய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"என்னங்க, குவைத்லேர்ந்து அந்த அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க."

"தெரியும்மா. நேத்தே சொன்னியே. அஞ்சு நிமிஷம்."

திரும்பிப் பார்க்கவில்லை. விரல் தட்டிக்கொண்டே இருந்தது. நான் நேராகப் போய்ச் சுவரில் இருந்த வயரைப் பிடுங்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டி. அவருக்கு இன்னிக்கு முக்கியமான நாளு," என்றாள். அவர் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னாள். அதைக் கேட்டாவது விடுவார் என்று நினைத்திருப்பாள். அவர் லேசாகச் சிரித்துத் தலையை ஆட்டினார்.

உச்சிப் பொழுது தாண்டி எழுந்து சோம்பல் முறித்தார். "முடிஞ்சிச்சு. இப்பக் கூப்புடச் சொல்லு." அக்கா செருப்புக்கூடப் போடாமல் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஏஜென்சிப் பெண் எரிச்சலோடு சொன்னது வெளியே நின்ற எனக்கே கேட்டது. எத்தனை தடவை அடிக்கிறது, உங்கள் லைன் எங்கேஜ்டாகவே இருந்தது, அந்த மேடம் அடுத்த பேருக்குப் போய்விட்டார், இடம் முடிந்துவிட்டது. அக்கா ரிசீவரை வைத்துவிட்டு, "எஸ் மேடம்," என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தோம். அத்தான் பலகையில் உட்கார்ந்திருந்தார்.

"கவலப்படாத. வேணும்னா அவங்களே திரும்பக் கூப்புடுவாங்க. வரவேண்டியது வரும்," என்றார். பிறகு, "சாப்பாடு ஆயிருச்சா?" என்று கேட்டார்.

அக்கா புடவையை மாற்றிக்கொண்டு உலை வைத்தாள். நான் அன்றைக்கு அழுதேன். அவள் அழவில்லை. அதற்குப் பிறகு அவள் அவரிடம் எதையும் கேட்கவில்லை என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அதன் பிறகு அவளே முயன்றாள். அதற்குள் வயது தாண்டிவிட்டது, ஆஸ்பத்திரி வேலைக்கு எடுக்க மாட்டோம் என்றார்கள். கடைசியில் அதே குவைத்துக்கு, படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போனாள். கை கால் விழுந்த கிழவி. திருப்பிப் படுக்கவைப்பது, கழுவிவிடுவது, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுவது. நர்சு உடுப்பெல்லாம் கிடையாது. போகிற அன்று அத்தான் பஸ் ஸ்டாண்டுவரை வந்து ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். அங்கே கடைகளில் நாலாம் பாகம் பற்றி ஏதாவது பேச்சு இருக்கிறதா என்று விசாரிக்கச் சொன்னார்.

அவர் அறுபதை நெருங்கும்போது அவருக்கே வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. ஒரு அம்மாளை வேலைக்கு வைத்துப் பார்த்துக்கொண்டோம். நானும் தினம் போய்வருவேன். ரப்பர் பந்தை வலது கையில் திணித்து அமுக்கிக்கொண்டே இருப்பார். "நாலாம் பாகம்... வர்றதுக்குள்ள... கை வந்துரும் பாப்பா," என்பார். கால் கொஞ்சம் வந்தது. கை வரவில்லை, உள்ளங்கைக்குள் விரல்கள் சுருண்டபடியே நின்றுவிட்டன.

அந்த நிலைமையில்தான் சேதி வந்தது. பிரான்ஸ் வாத்தியார் செல்போனில் முகம் காட்டிக் கூப்பிட்டார். கம்பெனி இறங்கிவந்துவிட்டது, விளக்குக்காரன் திரும்ப வருகிறான். அத்தான் தேம்பித் தேம்பி அழுதார். அவருடைய அம்மா போனபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. அக்காவுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். "வாங்கியாறியா?" என்று கேட்டார். "வாங்கிட்டு வர்றேங்க," என்றாள் அக்கா. அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அறுபதாம் கல்யாணத்துக்கு லீவில் வந்தாள். எல்லாரையும் போல நாங்களும் திருக்கடையூருக்குத்தான் போனோம். பக்கத்தில் பக்கத்தில் ஜோடி ஜோடியாக உட்காரவைத்து ஐயர்கள் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தான் இடது கையால் தாலியைப் பிடித்துக்கொள்ள, மூன்று முடிச்சையும் நான் போட்டேன். அக்கா தலை குனிந்து புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கூட வந்த சொந்தக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சூட்கேஸைத் திறந்து பெட்டியை எடுத்தாள். அட்டையில் சிவப்புத் தலைப்பாகையும் விளக்கும். அத்தான் இடது கையால் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். அக்காவே வயரெல்லாம் மாட்டி டி.வி.யைப் போட்டாள். எங்கே கற்றுக்கொண்டாளோ. காற்றில் அணைந்த விளக்கு திரையில் மெல்லப் பற்றிக்கொண்டது. அத்தான் குழந்தை மாதிரி சிரித்தார். அவள் பட்டன்கள் வைத்த கைப்பிடியை அவர் மடியில் வைத்தாள்.

"வெளையாடுங்க."

இடது கையால் ஓடவைக்க முடிந்தது. தாவுகிற பட்டன் வலது பக்கம் இருந்தது. விளக்குக்காரன் ஓடிப்போய் முதல் பள்ளத்திலேயே தண்ணீரில் விழுந்தான். மறுபடியும் விழுந்தான். அத்தான் சுருண்ட கையை இன்னொரு கையால் தூக்கிப் பட்டன் மேல் வைத்துப் பார்த்தார். அது நழுவிக் கீழே விழுந்தது.

"முடியல," என்றார்.

"சரி, நான் ஆடுறேன். நீங்க பாத்துக்கிட்டு இருங்க."

அக்கா பலகை போட்டு உட்கார்ந்து ஆடினாள். விளக்குக்காரன் விழுந்தான். எழுந்து ஓடி அதே இடத்தில் விழுந்தான். "தாவு... இப்ப... தாவு," என்று அத்தான் குழறினார். அவள் ஒரு கணம் பிந்தித் தாவினாள். என் அக்காவின் கை நரம்பைத் தேடாமல் ஊசி ஏற்றுகிற கை. அது எந்த வேலையிலும் பிந்தாது. மறுபடி மறுபடி ஒரே மாதிரி பிந்தியதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. முழுகும்போது அவன் ஒரு சத்தம் கொடுப்பான். ஒவ்வொரு சத்தத்துக்கும் அத்தானின் நல்ல பக்கத்து முகம் இழுத்துக்கொண்டது.

"போதும்... நிறுத்து."

"அஞ்சு நிமிஷங்க."

லீவு முடியும்வரை தினமும் சாயங்காலம் இது நடந்தது. மற்ற வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. குளிப்பாட்டினாள், எண்ணெய் தேய்த்தாள், மிக்சியில் அடித்து ஊட்டினாள். பார்க்க வந்தவர்கள், இவ்வளவு பொறுமையான பெண்சாதி யாருக்குக் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் நாள் எனக்கு உள்ளே வெல்லம் மாதிரி இனித்தது உண்மை. போகப் போக அந்தச் சத்தம் கேட்டாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

கிளம்புகிற அன்று கைப்பிடியை மறுபடியும் அவர் மடியில் வைத்தாள்.

"நான்... முடிக்கணும்," என்றார்.

"முடிப்பீங்க. வரவேண்டியது வரும்."

அவள் போன பிறகு அவர் டி.வி.யை அணைக்க விடவில்லை. விளக்குக்காரன் முதல் பள்ளத்தின் கரையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஐப்பசி அடைமழையில் ஒருநாள் காலையில் நான் போனபோது அத்தான் நாற்காலியிலேயே போயிருந்தார். எதிரே அவன் அப்படியே நின்றுகொண்டிருந்தான். அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஊருக்குச் சொன்னோம். அவள் லீவு கேட்டாளா என்றே எனக்குத் தெரியாது.

ஆனால் அவள் கிளம்பிய அன்று காரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். திருச்சி ஏர்போர்ட்டுக்கு நான்தான் கூடப் போனேன். வழக்கம் போல நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். கிளம்பும்போது வீட்டில் பெட்டியின் காலி அட்டையை ஓரமாக வைத்தபோது, பின்பக்கம் ஒற்றைக் கை ஒன்றின் படத்தைப் பார்த்திருந்தேன். அது மனதில் அரித்துக்கொண்டே இருந்தது.

"ஏங்க்கா, அந்த அட்டையில ஒரு கை மட்டும் போட்டிருக்கே. கை முடியாதவங்களும் ஆடுற மாதிரி ஏதாச்சும் வழி இருக்குமோ?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே சாத்தியிருந்த கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு. கடையிலயே சொன்னான். தாவுற பட்டன இந்தப் பக்கம் மாத்திக்கிட்டா எடது கையாலேயே முழுசும் ஆடலாமாம்."

"மாத்துறது கஷ்டமாக்கா?"

"இல்லடி," என்றாள். "அஞ்சு நிமிஷம்தான்."